காற்றுப் பக்கம்

மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டில் அக்காவோடு நின்று பேசிய பலருக்கு இது தெரிந்திருக்காது. பேச்சு தொடங்கும்போது அவள் ஓரிடத்தில் நிற்பாள், முடியும்போது வேறோர் இடத்தில் நிற்பாள். நடுவில் எப்போது நகர்ந்தாள் என்று சொல்ல முடியாது. பேச்சு நிற்காது, கண் நம்மை விட்டுப் போகாது, கால் மட்டும் மெல்ல இடம் மாறும். சற்று முன்புவரை காதில் இரைந்த காற்று இப்போது இல்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும். அது அக்காவின் முதுகில் அடித்துக்கொண்டிருக்கும்.

அவள் என் கூடப் பிறந்தவள் இல்லை. ஒரே லயத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எங்கள் வீடு நடுவில் இருந்தது. இரண்டு பக்கத்துச் சுவருக்கு அப்பாலும் அடுப்பு எரியும். மார்கழியில்கூடக் கன்னத்தை வைத்தால் எங்கள் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். அக்காவின் வீடு கடைசி வீடு, தொங்கல் காம்பரா. அதற்கு ஒரு பக்கம்தான் மனிதர்கள். மறுபக்கம் நீர்த்தேக்கத்திலிருந்து தேயிலைச் சரிவில் ஏறி வருகிற காற்று. அவளுடைய அப்பா சுவர் ஓட்டைகளில் பழைய பத்திரிகையைத் திணித்து வைப்பார். ஆடி மாதத்தில் காற்று அதைப் பிடுங்கி வீட்டுக்குள்ளேயே துப்பும். அந்தச் சுவரோரம் படுப்பவள் அக்கா. தம்பி தங்கைகள் எல்லாரும் அவளுக்கு உள்பக்கம்.

"ஒனக்குக் குளிராதா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தொங்கல்ல பொறந்தவளுக்குக் காத்து ஒறவுக்காரன் மாதிரிடி. வருவான், கத்துவான், போயிருவான்."

நடுவீட்டில் பிறந்தது என் குற்றம் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அக்காவை நினைக்கும்போதெல்லாம், அடுத்தவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டவளைப்போல மனம் கூசும். இதை எழுதும்போதும் கூசத்தான் செய்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு மலை விளிம்பில் ஒற்றையடிப் பாதை. உரப்பையை மூலை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு போவோம். போகும்போது அக்கா என் இடப்பக்கம் நடப்பாள், வரும்போது வலப்பக்கம். பள்ளத்தில் நான் விழுந்துவிடக் கூடாதென்று அம்மா சொல்லியிருப்பார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பள்ளம் இல்லாத இடத்திலும் அவள் அந்தப் பக்கம்தான் நடந்தாள்.

சில நாட்களில் அது எரிச்சலாகவும் இருக்கும். எங்கள் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் ஒரே மண்டபம். ஒருநாள் எங்கள் ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் யாழ்ப்பாணத்து வாத்தியாரை மூக்கும் கண்ணாடியுமாக வரைந்து வைத்தேன். வாத்தியார் வந்து பார்த்தார்.

"இதை ஆர் கீறினது?"

எனக்குத் தொடை நடுங்கியது. அதற்குள் இரண்டு வரிசை தள்ளி அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "நான்தான் சார்."

"நீ எட்டாம் வகுப்பெல்லே? இஞ்சாலை உனக்கென்ன அலுவல்?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. வராதவள் சொன்னதால் இருவருமே பிடிபட்டோம்; அவள் பொய்க்கு ஓர் அடியும், படத்துக்கு எனக்கு ஓர் அடியும் விழுந்தன. திரும்பி வரும் வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன். "ஒன்ன யாரு எந்திரிக்கச் சொன்னா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். "தெரியலடி. நீ நடுங்குன. நான் எந்திரிச்சுட்டேன்."

படிப்பு முடிந்ததும் அக்கா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் போனாள். கொழுந்து பறிக்கிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. கீழ்ப் பிரிவிலும் ஒரு மடுவம் இருந்ததால், இரண்டுக்கும் பால்மா கொண்டுபோக அவளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது குறைவு. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அணைக்கட்டு ரோட்டில், காற்று எதிரே வரும்போது, இளந்தாரிப் பையன்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அக்கா இறங்காமல் அவர்களைத் தாண்டிப் போவாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது.

எப்படி என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"மேடுன்னு நெனச்சுக்கணும். கண்ணுக்குத் தெரியாத மேடு. மேட்டுல போயி யாராவது வெரசா மிதிப்பாங்களா? முழங்கைய ஒடுக்கிக்க, தலையக் குனிஞ்சுக்க, மெதுவா மிதி. காத்த மொறைக்காத. மொறைச்சா அதுக்கும் ரோசம் வந்துரும்."

எனக்குச் சைக்கிள் வராது. நான் ஓடுவேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்த 'வரும்வரை' அப்படியே நீண்டு வாழ்நாளாகிவிட்டவர்கள் எங்கள் நிரையில் என் இரண்டு பக்கத்திலும் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம்தான் கொழும்பிலிருந்து ஒரு விளையாட்டுக் கழகம் வந்து எங்கள் நீர்த்தேக்கத்தில் ட்ரையத்லன் நடத்தப்போவதாக அறிவித்தது. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். ஒரே ஆள் மூன்றையும் செய்ய வேண்டும். ஊர்க்காரர்களும் சேரட்டும் என்று, மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிற பெண்களும் ஆண்களும் கலந்த குழுப் போட்டி ஒன்றையும் வைத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து நாள் குறித்தார்கள் போல. அது ஆடிக் கடைசியில் வந்தது. எங்கள் ஊரில் அந்த நாட்களில் துணி காயப்போடக்கூட யோசிப்பார்கள்.

அதற்கு வருகிற பயிற்றுநர் அம்மா ஒருவர் ஓட்டக்காரப் பெண்களைத் தேடுகிறார் என்று என் பழைய விளையாட்டு ஆசிரியை சொல்லியனுப்பினார். பிடித்துவிட்டால் கொழும்பில் தங்கிப் பயிற்சி, கூடவே ஒரு வேலை. அவர் முன்னால் நான் ஒருமுறை ஓடிக் காட்டினால் போதும். அதற்கு ஒரு குழு வேண்டும். நீந்துவதற்கு நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிற சிங்களத் தம்பி ஒருவன் சம்மதித்தான். சைக்கிளுக்கு அக்காவைத் தவிர யாரையும் நான் நினைக்கவே இல்லை.

முதல்நாள் மாலை விதிமுறைகளைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"முன்னால போறவங்களுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் போகக் கூடாதாம். நடுவுல ஒரு பஸ் நிக்கிற எடம் விடணுமாம்."

"ஏனாம்?"

"முன்னால போறவங்க காத்த மறைச்சுருவாங்கல்ல. பின்னால வர்றவங்களுக்கு லேசாப் போயிரும். அது களவாம்."

அக்கா அதைக் கொஞ்ச நேரம் மென்றாள். "மறைச்சா களவா?"

"மறைக்கிறது இல்ல. மறைவுல போறதுதான் களவு. அவங்களுக்குத்தான் தண்டனை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப நீ பெரிய களவாணிடி."

நானும்தான் சிரித்தேன்.

மறுநாள் காலை தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக அலை எழும்பியது. மீன்காரத் தம்பி அதைப் பொருட்படுத்தாமல் நீந்தி முன்வரிசையில் கரையேறினான். கணுக்காலில் கட்டியிருந்த நேரம் பிடிக்கிற பட்டியைக் கழற்றி அக்காவின் காலில் கட்டினான். அமைப்பாளர்கள் இரவல் கொடுத்த கியர் சைக்கிளில் அக்கா ஏறினாள். போகும்போது காற்று முதுகில். எல்லாரும் பறந்தார்கள். திரும்பும்போது அது தண்ணீர்ப் பக்கமிருந்து எதிரே சாய்ந்து அடித்தது; விளையாட்டு அப்போதுதான் ஆரம்பித்தது.

நான் நின்ற இடத்திலிருந்து நீருக்கு அப்பால் அணைக்கட்டு முழுதும் தெரியும். கொழும்புக்காரர் ஒருவர், விமானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு தொப்பியும் பளபளக்கிற சக்கரமுமாக வந்தவர், அணையின் நடுவில் இறங்கிச் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு பேர் பாதையின் குறுக்கே தள்ளாடினார்கள். அவர்களுக்கிடையே அக்கா வந்தாள். முழங்கை ஒடுங்கி, தலை குனிந்து, சின்னக் கியரில், மடுவத்துக்குப் பால்மா கொண்டுபோகிற அதே வேகத்தில் வந்தாள். குழுக்களில் அவள்தான் முதல். பயிற்றுநர் அம்மா என் பக்கத்தில் நின்றார்.

அக்காவுக்குக் கொஞ்சம் பின்னால் நீலச்சட்டைக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். ஹட்டன் பக்கத்துக் குழு. அவளுடைய சைக்கிள் காற்றில் இழுபட்டுப் பள்ளத்துப் பக்கத்துச் சுவரை உரசப் பார்த்தது. அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவளுடைய வேகம் குறைந்தது. கையைப் பின்னால் ஆட்டி எதையோ சொன்னாள். பிறகு மெல்லத் தண்ணீர்ப் பக்கமாக நகர்ந்தாள். அந்த நகர்வை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் காண்பேன். நீலச்சட்டை அவளுடைய முதுகுக்குள் வந்து ஒடுங்கியது, சைக்கிள் நிமிர்ந்தது.

மத்தியஸ்தரின் மோட்டார் சைக்கிள் பின்னாலேயே வந்தது. விசில். நீலச்சட்டைக்கு அட்டை காட்டினார்கள். அணை முடிகிற இடத்தில் கொடி நட்டுக் கயிறு கட்டிய ஒரு தண்டனை இடம் இருந்தது. அந்தப் பெண் அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அக்காவுக்கு எதுவும் இல்லை, அவள் வரலாம். வந்துகொண்டுதான் இருந்தாள். பிறகு நின்றாள். இறங்கினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொடிக்குத் திரும்பி நடந்தாள்.

அங்கிருந்த அதிகாரி கையை வீசி அவளைப் போகச் சொல்வது எனக்குத் தெரிந்தது. அக்கா தலையாட்டி மறுப்பதும் தெரிந்தது. கயிற்றுக்குள் அந்தப் பெண்ணோடு போய் நின்றுகொண்டாள். எந்தப் பக்கம் நின்றாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றக் குழுக்களின் சைக்கிள்கள் வந்தன. ஒவ்வோர் ஓட்டக்காரராக என்னைத் தாண்டிப் போனார்கள். மீன்காரத் தம்பி, "கமக் நே அக்கே" என்று பரவாயில்லை சொன்னான். எனக்குத்தான் பரவாயில்லை என்று இருக்க முடியவில்லை. எனக்கு வந்த கோபம் எங்கள் மலையைவிட உயரம். நேரம் வீணானதற்கான கோபம் என்றே அதை வெகுநாள் நினைத்திருந்தேன். அது அதற்கு வந்த கோபம் அல்ல. அந்தப் பெண் நின்ற இடம் என்னுடையது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடம் பிறந்தது முதல் எனக்கு ஒதுக்கப்பட்டது என்று நினைத்திருந்தேன். நான் நின்றபோது ஒருமுறையும் எனக்கு அது களவாகத் தெரியவில்லை.

அக்கா வந்து சேர்ந்தாள். என் முன்னால் மண்டியிட்டாள். விறைத்துப்போன விரல்களால் பட்டியைக் கழற்றவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சுக்கடி. அவரு என்னப் போ போன்னு வெரட்டுறாரு. புள்ள அழுவுது. பின்னால வான்னு நாந்தான கூப்புட்டேன். எப்புடி விட்டுட்டு வாறது?"

அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, பட்டியை நானே கழற்றிக் கட்டிக்கொண்டு ஓடினேன். தேயிலை மலைக்குள் ஏறி இறங்குகிற பாதை. கோபத்தில் ஓடினேன். முன்னால் போனவர்களில் பாதிப்பேரைப் பிடித்தேன். முடிந்ததும் பயிற்றுநர் அம்மா வந்து என் தோளைத் தொட்டார். குழு எத்தனையாவது வந்தது என்பது அவருக்குத் தேவையில்லை. ஓடத் தொடங்கியதிலிருந்து ஓடி முடித்தது வரைக்கும்தான் அவர் கைக்கடிகாரம் பார்த்தது. அடுத்த மாதமே கொழும்புக்குப் போனேன்.

இதில் அக்காவால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அதை அவள் நம்பவில்லை. லயத்தில் எல்லாரிடமும் தன்னால்தான் தோற்றோம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் அம்மாவிடம் வந்து அழுதாளாம். மீன்காரத் தம்பியின் வீடுவரை போய் மன்னிப்புக் கேட்டாளாம். நான் புறப்பட்ட அன்று பஸ்ஸுக்கு வந்தவள், "நான் மட்டும் நிக்காம வந்திருந்தா நீ மொதலாவதா வந்திருப்ப" என்றாள்.

"என்னையக் கொழும்புக்கு எடுத்துட்டாங்களே அக்கா. இன்னும் என்ன?"

"நீ எனக்காகச் சொல்ற."

உண்மையில் அவளுக்காக நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை. போட்டி முடிந்த அன்று அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் நம்பியிருக்கலாம். பேச வேண்டும் என்று பட்டபோது பஸ் ஹட்டனைத் தாண்டியிருந்தது.

அக்காவை உடப்புசல்லாவையில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை, தேசியப் போட்டி இருந்தது. சில வருடங்களுக்குப் பிறகு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகக் கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை. நான் கழகத்துக் கோட்டு போட்டிருந்தேன். மூக்குவரை ஜிப் இழுத்துவிடலாம், ஊசிக் காற்றும் நுழையாது. அக்கா மேலே மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கால் நகரத் தொடங்கியது. இந்தத் தடவை நான் கவனித்துவிட்டேன். விடக் கூடாதென்று நானும் நகர்ந்தேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். நடு பஸ் ஸ்டாண்டில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டிருந்தோம்.

"என்னாங்க, ரெண்டு பேரும் கும்மியா அடிக்கிறீங்க?" என்றார் உடப்புசல்லாவை பஸ் கண்டக்டர். "ஏறுற ஆளு ஏறுங்க."

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்கிட்டயேவாடி?" என்று சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது காற்று என் மேல் இல்லை. குழந்தையும் நானும் மறைவில் இருந்தோம். பஸ்ஸில் ஏறும்போது திரும்பி, "அன்னைக்கு என்னாலதான்" என்று தொடங்கினாள். கதவு சாத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. அவள் வீட்டார் லயத்தைவிட்டுப் போனார்கள், கையிலிருந்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. உடப்புசல்லாவைக்குப் போகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. நுவரெலியாவில் இறங்கிக் கந்தப்பளை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும். எனக்கு வழி தெரியும். ஒவ்வொரு விடுமுறைக்கும் அடுத்த விடுமுறை என்று சொல்லிக்கொள்கிறேன். போனால் அவள் அந்தப் பேச்சைத்தான் முதலில் எடுப்பாள். மன்னிப்புக் கேட்பாள். அதைக் கேட்டுக்கொண்டு அவள் முன்னால் நிற்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது நான் விளையாட்டு ஆசிரியை. விடுமுறைகளில் மத்தியஸ்தராகப் போவேன். இந்த வருடம் எங்கள் நீர்த்தேக்கத்திலேயே ட்ரையத்லன், அதே ஆடிக் கடைசி. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் விசிலும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தேன். அணைக்கட்டில் இரண்டு பிள்ளைகள். முன்னால் போகிறவள் கவனிக்கவில்லை. பின்னால் வந்தவள் அவளுடைய சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். கொஞ்சம் பார்த்தேன். விலகுவாள் என்று இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பிறகு விசில் ஊதினேன், அட்டையைக் காட்டினேன். அது என் வேலை, தவறில்லை. முன்னால் போனவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அதுவும் தவறில்லை.

கொடியடியில் அந்தப் பிள்ளை இறங்கி நின்றது. அழுதது. வியர்வையும் தூறலும் சேர்ந்து உடம்பு வெடவெடத்தது. நான் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினேன். விதியில் இல்லாத ஒன்றைச் செய்யப் போகிறவளாக, கயிற்றுக்கு வெளியே, தண்ணீர்ப் பக்கமாகப் போய் அவளை ஒட்டி நின்றேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சரியான இடத்தில் நிற்கிறேன் என்று எனக்குள் ஒரு நிறைவு.

பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

"மிஸ், காத்து அங்கிட்டு இல்ல. இங்கிட்டு அடிக்குது."

நிமிர்ந்து கொடியைப் பார்த்தேன். அது எப்போதோ திரும்பியிருந்தது. எனக்குப் பார்த்துத்தான் தெரிந்தது. அவசரமாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்றேன். அதற்குள் தண்டனை நேரம் முடிந்துவிட்டது. பிள்ளை சைக்கிளில் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது.

நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். காற்று முதுகில் நன்றாகவே அடித்தது. மறைவில் யாரும் இல்லை.